போகும் இடம் கேட்ட பஸ்

கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போறீங்க?" என்று கேட்கக்கூடாது. சுங்கை கெலாடித் தோட்டத்தில் இது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தே தீரவேண்டும் என்றால் "தூரமா?" என்று கேட்கலாம். கேட்கப்பட்டவர் "இல்ல, பக்கந்தான்" என்பார். அதற்கு மேலும் துருவுகிறவன் விவரம் கெட்டவனாக இருக்கவேண்டும், இல்லையென்றால் வயிற்றெரிச்சல் பிடித்தவனாக இருக்கவேண்டும். டவுன் நகராட்சிக்கு இது தெரியாமல் போனதால்தான் அத்தனை வினையும் வந்தது.

அது 1981. மருதம்மாளின் புருஷன் அழகேசன் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. காற்றில் சாய்ந்த ரப்பர் பால்மரத்தை வெட்டி இழுக்கும்போது கிளை உருண்டு தொடையில் விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. காலைக் கயிற்றில் கட்டித் தூக்கி, கயிற்றின் மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு மாதம் அசையக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கூடப்பிறந்தவர்கள் வேலை பாஸ் கிடைக்காத வருஷத்தில் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார்கள். அழகேசனைப் பார்க்க வருவதற்கு உலகத்தில் மருதம்மாளை விட்டால் ஆள் கிடையாது.

அவளுக்கோ நேரம் கிடையாது. விடியலில் பாலுக்கு மரம் வெட்டப் போனால் பாலை நிறுத்துக் கொடுத்து, பிற்பகல் புல்வெட்டும் முடித்து லயத்து வீட்டுக்குத் திரும்ப மூன்றரை ஆகிவிடும். குளித்து, ரசச்சோற்றைத் தூக்கில் போட்டுக்கொண்டு செம்மண் பாதையில் இரண்டு மைல்கட்டைத் தூரம் நடந்தால்தான் பாலிங் சாலை. அங்கே பஸ் வந்தாலும் வரும், வராவிட்டாலும் கேட்பாரில்லை. ஆஸ்பத்திரியில் நான்கரைக்கு வெளியாட்களை உள்ளே விட்டு ஆறரைக்கு மணியடித்து விரட்டுவார்கள். அவள் போய்ச் சேரும்போது ஆறு தாண்டியிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் முகத்தைப் பார்ப்பாள், சோற்றைப் பிசைந்து கொடுப்பாள். என்னவோ சொல்ல நினைத்திருப்பாள், அதற்குள் மணி அடித்துவிடும். இருந்தாலும் விடிந்தது முதல் அவள் உயிர் அந்த அரை மணி நேரத்தில்தான் கிடந்தது.

ஒரு நாள் தோட்ட வாசலில், முனியாண்டி கோயிலுக்கு எதிரே, நாற்காலி போட்டுக் குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, மடியில் ஒரு அட்டை, கையில் பேனா. டவுன் பெண், பெயர் ஜோசபின். நகராட்சியில் தற்காலிக வேலை.

"அக்கா, எங்க போறீங்க?"

மருதம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். "என்ன கேட்ட?"

"எங்க போறீங்கன்னு..."

"ஏம் பிள்ள, உனக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கக்கா."

"கெளம்புறவள எங்க போறேன்னு கேக்கக்கூடாதுன்னு சொல்லிக் குடுக்கலியா?"

ஜோசபின் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தொடப்பக்கட்டய எடுத்துருவாங்க. நான் என்னக்கா செய்யிறது? எழுதிக் குடுத்தத அப்படியே கேக்கணும்னு ஆபீஸ்ல ஓடர்லா."

மருதம்மாள் திரும்பி லயத்துக்கு நடந்தாள். சகுனம் தடைப்பட்டால் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, மறுபடி முதலிலிருந்து கிளம்ப வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் அதில் குறை வைப்பாளா? உட்கார்ந்தாள், குடித்தாள், கிளம்பினாள். சாலைக்கு வந்தபோது பஸ்ஸின் புகைதான் மிச்சம் இருந்தது. அன்றைக்கு மணி அடித்த பிறகு வாசலில் காவல் நிற்கும் ஜாகாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி உள்ளே போனாள். சோற்றை வைத்துவிட்டு வர மட்டும்தான் விட்டான். "வந்துட்டியா" என்று அழகேசன் சிரித்தான். அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழுதாள். அந்த டவுன் பெண்ணை மனதுக்குள் தாறுமாறாகத் திட்டவும் செய்தாள்.

பாவம், அந்தப் பெண் கேட்டதெல்லாம் நல்ல காரியத்துக்குத்தான். எண்ணெய் விலை தலைக்கு மேல் ஏறியிருந்த காலம் அது. எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்த நம் டவுனும் அந்தப் பக்கம் இருந்த சயாம் டவுனும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தன. இரண்டுக்கும் ஒரே தலைவலி: ஓட்டை டாக்சி, கரும்புகை கக்கும் லாரி, நடந்தே தேயும் ஏழை ஜனம். ஏதோ ஒரு வெளிநாட்டின் உதவிப் பணத்தில் இரண்டு டவுனும் சேர்ந்து சின்ன பஸ்கள் வாங்கின. குறைந்த எண்ணெயில் ஓடும், குறுகிய பாதையிலும் நுழையும். சந்தை நாளில் நம் பஸ் எல்லை வரைக்கும் போகும், அங்கே சயாம் பஸ் காத்திருக்கும், இரண்டுக்கும் ஒரே டிக்கெட். மற்ற நாட்களில் எந்தெந்தப் பக்கம் விடுவது என்பதை ஜனங்களைக் கேட்டு முடிவு செய்வார்கள். கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தம். அந்தக் கேள்விதான் "எங்கே போகிறீர்கள்?"

'பஸ் விடப் போறாங்க' என்று ஜோசபின் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். யார் நம்புவார்கள்? ஒவ்வொரு தேர்தலுக்கும் தோட்டத்துக்கு ஒரு பஸ் வந்து, ஓட்டுப் போட்டதும் போய்விடுகிறது.

மறுநாளிலிருந்து தோட்டமே உஷாராகிவிட்டது. ஜோசபின் வாயைத் திறக்கும் முன்பே ஆளுக்கொரு பதில். "சும்மா." "இப்படித்தான்." "பக்கந்தான் பிள்ள." கள்ளுத் தவறணைக்குப் போகும் அய்யாவுகூட "ஒரு எடமும் இல்ல" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். மருதம்மாள் நிற்கவே இல்லை. "சும்மாதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கிளம்பும் நேரத்தில் அவள் மனதுக்குள்கூடச் சொல்லிக்கொள்வதில்லை. அந்தப் பெண் எல்லாவற்றையும் சொன்னபடியே எழுதிக்கொண்டாள். வேறு என்ன செய்வாள்?

வாரம் கழிந்தது. ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் மருதம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கினால், சாலையோரம் ஜோசபின் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னு நின்னேன். அன்னிக்கி என்னாலதான் பஸ்ஸ விட்டீங்களாம். பிச்சையம்மாக்கா சொன்னாங்க."

மருதம்மாளுக்குக் கோபம் எப்போதோ வடிந்திருந்தது. "விடு பிள்ள, போனது போச்சு. நீ ஏன் இன்னும் வீட்டுக்குப் போகல?"

"இந்த வாரத்தோட இங்க வேல முடியுது. உங்க தோட்டத்துக்கு பஸ் இல்லன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க."

"ஏனாம்?"

"இங்க யாருமே எங்கயும் போறதில்லயே! எல்லாரும் சும்மான்னுதானே சொன்னீங்க? சும்மா போறவங்களுக்கு எதுக்கு பஸ்னு கேக்கறாரு எங்க ஆபீசர்."

மருதம்மாள் தூக்கைக் கீழே வைத்தாள். "நெசமாவே பஸ்ஸா? தோட்டத்துக்கு உள்ளயா?"

"கோயில் வரைக்கும் வந்திருக்கும்கா. நாலு மணிக்கு ஒண்ணு."

நாலு மணிக்குக் கோயிலடியில் ஏறினால் நான்கரைக்கு ஆஸ்பத்திரி. மருதம்மாளுக்குக் கணக்குத் தெரியாவிட்டாலும் இந்தக் கணக்கு உடனே தெரிந்தது. அழகேசன் கட்டிலருகே முழுசாக இரண்டு மணி நேரம். அதை ஒரு 'சும்மா'வில் தொலைத்துவிட்டு வந்திருக்கிறாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

செம்மண் பாதையில் ஜோசபின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தாள். மருதம்மாள் நிறுத்தாமல் பேசினாள். மரம் விழுந்த கதை, கயிற்றில் தொங்கும் கால், பக்கத்துக் கட்டில் மலாய்க்காரர், ரசத்துக்கு உப்புப் போதாது என்று அழகேசன் இன்றைக்கு முகம் சுளித்தது, எல்லாம்.

"அய்யோ அக்கா, இதுல ஒண்ணு, ஒரே ஒண்ணு அன்னிக்கிச் சொல்லியிருக்கக்கூடாதா?"

"கெளம்பும்போது எவளாச்சும் சொல்லுவாளா? திரும்பி வர்றப்ப கேட்டுப் பாரு. வேணாம்னாலும் விடமாட்டோம்."

ஜோசபின் சைக்கிளை நிறுத்திவிட்டாள். "திரும்பி வர்றப்ப" என்று ஒரு தரம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு மருதம்மாளின் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, சைக்கிளில் ஏறிப் பறந்துபோனாள்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. மறுநாள் ஆபீசில், வீடு திரும்புகிறவர்களிடம் கேட்கலாமே என்று ஜோசபின் சொல்லிப் பார்த்தாள். ஆபீசர் டெஸ்மண்ட் மோசமான மனிதர் அல்ல, முறை தவறாதவர். "இங்க மட்டும் கேள்வியை மாத்தினா, சொந்த டவுனுக்காகக் கணக்கைத் திரிச்சோம்னு சயாம்காரங்க சொல்ல மாட்டாங்களா? நாளைக்கு அவங்க ஆளு வர்றாங்க. நானும் வர்றேன். பழைய கேள்வியையே கேட்போம். நாலு பேராவது இடத்தைச் சொன்னா பார்க்கலாம்" என்றார். ஜோசபின் அன்று மாலையே லயத்துக்கு வந்து இதை மருதம்மாளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மருதம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் அவன் இன்னும் எத்தனை நாளைக்கு அவளுக்காக வாசலைப் பார்த்துக் கிடப்பான் என்று வேதனை. மரம் வெட்டும்போதும் அதே நினைப்புத்தான். முனியாண்டியிடம் சூடம் ஏற்றிக் கேட்டாள். முனியாண்டியும் மீசையை முறுக்கிக்கொண்டு சும்மாதான் நின்றார்.

மறுநாள் பிற்பகல் வாசலில் டெஸ்மண்ட் கழுத்துப்பட்டையைத் தளர்த்தியபடி வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் சயாம் நகராட்சியிலிருந்து வந்த விலாய் என்ற நடுவயதுப் பெண்மணி, பூப்போட்ட குடையோடு. எல்லைப் பக்கத்து மனுஷி ஆகையால் மலாய் நன்றாகப் பேசினாள். டெஸ்மண்ட் கேட்டுப் பார்த்தார். போனவர்கள் எல்லாம் "சும்மா" என்றார்கள், "பக்கந்தான்" என்றார்கள். துரை மாதிரி ஆள் வந்து கேட்டதால் இன்னும் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள்.

மருதம்மாள் தூக்கோடு வந்தாள். பின்னால் பிச்சையம்மாள், அய்யாவு, இன்னும் நாலைந்து பேர்.

"எங்க போறீங்கம்மா?" என்றார் டெஸ்மண்ட்.

மருதம்மாள் கோயிலைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போறேங்க" என்றாள். குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. "எம் புருஷன் காலு ஒடிஞ்சு கெடக்குது. தெனமும் போறேன். தெனமும் லேட்டாத்தான் போய்ச் சேர்றேன். எழுதிக்கங்க."

"அடியே, என்ன காரியம் செஞ்ச!" என்று பிச்சையம்மாள் வாயில் கையை வைத்தாள்.

பிச்சையம்மாள்தான் முதலில் அசைந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவளே சொல்லிப்புட்டா, எனக்கென்ன கேடு. நான் எம் மவ வீட்டுக்குப் போறேன். மீன் வாங்கப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுப் போறது பொய். மாப்பிள்ள அவள அடிக்கிறான். வாரத்துக்கு ஒருதரம் போயி உக்காந்திருந்தா கொஞ்சம் அடங்கறான். எழுதிக்கங்க."

அய்யாவு தொண்டையைக் கனைத்தார். "நான் படம் பாக்கப் போறேன். அதுவும் எழுதுவீங்களா?"

"எழுதுவோம் அண்ணே" என்றாள் ஜோசபின். அவள் கண் கலங்கியிருந்தது.

விலாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் எங்கே வேண்டும் என்று கேட்டால் இவர்கள் ஏன் தீ மிதிக்கப் போகிறவர்கள் மாதிரி நிற்கிறார்கள் என்று கேட்டாள். ஜோசபின் மலாயில் விளக்கினாள். விலாய் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, குடையைச் சுருக்கினாள்.

"எங்க ஊர்ல எங்கே போறேன்னு கேக்கறதுதான் வணக்கம் சொல்றதே" என்றாள் டெஸ்மண்டிடம். "வணக்கத்துக்கு எவன் உண்மையான பதில் சொல்வான்? எல்லாரும் 'அங்கேதான்'னு சொன்னாங்க. அங்கேன்னா சந்தைதான்னு நாங்களே நினைச்சு எழுதிட்டோம். எங்க கணக்கும் பொய்தான் போலிருக்கு, துவான்."

டெஸ்மண்ட் ஜோசபினின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரு வாரம் வெயிலில் நின்று, ஒருவர் 'சும்மா'வையும் ஒருவர் 'அங்கே'யையும் மூட்டை கட்டியிருக்கிறார்கள். இரண்டு டவுனுக்கும் கேள்வியை மாற்றி, வீடு திரும்புகிறவர்களிடம் கேட்பது என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

மருதம்மாளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. சொல்லியாகிவிட்டது, திரும்பிப் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்து வர நேரமில்லை, பஸ் போய்விடும். தடைப்பட்ட சகுனத்தோடு அப்படியே நடக்கத் தொடங்கினாள். பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஜோசபின் ஒரு கையில் தண்ணீர்ப் புட்டியும் மறு கையில் நாற்காலியுமாக வந்துகொண்டிருந்தாள். ஆபீசரையே எழுப்பிவிட்டாள் போலிருக்கிறது.

"உக்காருங்கக்கா. ஒரு வாய் குடிங்க. இத வீடுன்னு நெனச்சுக்கங்க."

நடுப்பாதையில் நாற்காலி போட்டு மருதம்மாளை உட்கார வைத்தாள். மருதம்மாள் குடித்தாள். ஜோசபின் நெற்றியில் தோளில் சிலுவை போட்டுக்கொண்டு, "இப்ப போய்ட்டு வாங்க" என்றாள். அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது மருதம்மாளுக்கு. நேரமில்லாமல் கன்னத்தை மட்டும் வழித்துத் திருஷ்டி முறித்தாள்.

அழகேசனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்ததைக் கேட்டுவிட்டு அவன் கயிற்றில் தொங்கும் எடையைக் காட்டினான். "இவ்வளவு பெரிய கல்லக் கட்டி வச்சிருக்கான். நான் எங்கடி போயிருவேன்?" என்றான். மணி அடித்தது.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் பஸ் வந்தது. முன்கண்ணாடியில் விலாய் கொடுத்தனுப்பிய சயாம் மாலை, சக்கரத்தடியில் தோட்டத்து எலுமிச்சம்பழம். கோயிலடியில் ஏறியவர்களை டிரைவர் எதுவும் கேட்கவில்லை. மருதம்மாள் வேலையை மேய்க்கும் தண்டலிடம் சொல்லிப் புல்வெட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ஈரத் தலையோடு ஏறி உட்கார்ந்தாள். கல்யாணத்துக்குப் போகிறவளைப்போல் முந்தானையைச் சரிசெய்துகொண்டே வந்தாள். ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போனவள் அவள்தான்.

வார்டில் கூட்டம் நிரம்பத் தொடங்கியது. ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் அம்மா, பிள்ளை, பழம், பேச்சு. அழகேசன் கட்டிலில் கயிற்றில் தொங்கும் கால் மட்டும் தெரிந்தது. மீதியெல்லாம் போர்வைக்குள் இருந்தது. தலைவரைக்கும் இழுத்து மூடியிருந்தான். மூச்சில் போர்வை அசைவதைக் கண்ட பிறகுதான் மருதம்மாளுக்குப் போன உயிர் வந்தது.

பக்கத்துக் கட்டில் மலாய்க்காரர் அவளைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார். தினமும் இப்படித்தான் என்று மெல்லச் சொன்னார். ஆட்களை உள்ளே விடும் மணி அடித்தால் போர்வையை இழுத்துக்கொள்வான், தூங்குகிற மாதிரி கிடப்பான், ஆறு மணிக்கு எழுந்து அவசரம் அவசரமாகத் தலையைச் சீவிக்கொள்வான், அதற்குப் பிறகுதான் நீ வருவாய்.

மருதம்மாள் அசையாமல் நின்றாள். வழியெல்லாம் தவித்தது தான் மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவளைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பெல்லாம் ஒன்றரை மணி நேரம் போர்வைக்குள் கிடந்து எழுந்து சிரித்தது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் அவன் வீட்டுக்கு வந்திருப்பான், அது தெரியாமலே போயிருக்கும். குனிந்து, போர்வைக்கு மேலே அவன் நெற்றி இருந்த இடத்தில் கையை வைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம் மிஸ்ஸி" என்றது உள்ளேயிருந்து, நர்ஸ் என்று நினைத்து.

"மிஸ்ஸி இல்ல. நான்தான்."

போர்வை விலகவில்லை. உள்ளே மூச்சு மட்டும் ஏறி இறங்கியது. "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

"இப்பத்தான் தெறந்தாங்க. பஸ்ஸு வந்திருச்சுங்க."

"நெசமாவா?"

"மூஞ்சக் காட்டுங்க."

"இரு. தல சீவல."

மருதம்மாள் மெதுவாகப் போர்வையை இறக்கினாள். கண்ணும் கன்னமும் நனைந்திருந்தன. அவன் முகத்தைத் திருப்பப் பார்த்தான், அவள் விடவில்லை. கட்டிலடி டிராயரிலிருந்து சீப்பை எடுத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் தலையை அவள் சீவிவிட்டதில்லை, அதுவும் நாலு பேர் நடமாடும் இடத்தில். வருகிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று, அவள் அவசரமில்லாமல் வகிடு எடுக்கத் தொடங்கினாள்.